9 மணிக்கு மூடும் காடு: கோபி டு மைசூரு, நான்கு நாள் கார் பயணத்துக்கு ஒரு பிளான்!

இரவு மணி 9.12. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் மேலுகாமனஹள்ளி செக்போஸ்ட். எங்கள் காருக்கு முன்னால் கம்பம் இறங்கியிருந்தது. டார்ச் லைட்டோடு வந்த காவலர் ஒரு கையின் ஐந்து விரல்களையும் இன்னொரு கையின் ஒரு விரலையும் காட்டினார். காலை 6 மணிக்கு வரச் சொல்கிறார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மைசூரு அரண்மனையின் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, ‘மசினகுடியில ரூம் போட்டாச்சு, 100 கிலோமீட்டர்தான், ஈஸியா போயிடலாம்’ என்று 7.30 மணிக்குக் கிளம்பியது என் ஐடியா. மேப் வழியைச் சரியாகத்தான் காட்டியது. கேட் மூடும் நேரத்தை நான்தான் பார்க்கவில்லை.

அப்பா காரிலிருந்து இறங்கினார். அரசு பஸ் டிரைவராக 28 வருஷம் ஓட்டி ஓய்வுபெற்றவர். கோபியிலிருந்து மைசூருக்கு திம்பம் வழியாகவும், இடையில் சில வருஷம் ஊட்டி - மைசூரு ரூட்டிலும் ஓட்டியவர். “இதே ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் வண்டி ஓட்டியிருக்கேன்” என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் காவலரிடம் சொன்னார். அவர் சிரித்தாரே தவிர, கம்பத்தைத் தூக்கவில்லை.

குண்டலுப்பேட்டைக்குத் திரும்பினோம். மூன்று லாட்ஜில் இடமில்லை. நான்காவதில் ஒரே ஒரு ரூம் கிடைத்தபோது மணி 10.45. சுகர் மாத்திரை போட்டுவிட்டு இரண்டு மணி நேரமாகச் சாப்பிடாமல் இருந்த அப்பாவுக்கு, அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். மசினகுடி ரூமுக்குக் கட்டிய பணமும் போச்சு. டிரிப் பிளான் போட்ட நான் யார் முகத்தையும் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அப்பா ஆரம்பித்தார். 2003-ல் ஒரு ராத்திரி. மைசூரிலிருந்து கோபிக்கு வரும் வண்டி. அரை மணி நேரம் லேட். ஆசனூர் தாண்டி ஒரு வளைவில், புதருக்குள்ளிருந்து புள்ளிமான் ஒன்று பாய்ந்தது. பிரேக் போட்டும் அடித்துவிட்டது. அவரும் கண்டக்டரும் இறங்கி அதை ரோட்டோரமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

“இன்னும் உசுரு இருந்துச்சு கண்ணு. தலையத் தூக்கிப் பார்த்துச்சு. பஸ்ஸுக்குள்ள ஆளுங்க நேரமாச்சுன்னு கத்துனாங்க. நானும் எடுத்துட்டு வந்துட்டேன்.”

இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கும் அது புதுசுதான். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த கேட்ட அன்னிக்கே போட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த டிரிப் அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் நேராக ஊருக்கு வந்துவிட்டோம். அடுத்த ஜனவரியில் அதே பயணத்தை மறுபடியும் போட்டோம். இந்தமுறை நோட்டில் முதலில் எழுதியது ஊர்ப் பெயர்களை அல்ல, கேட் நேரங்களை.

கேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம்... வரைபடத்தில் இவை ஐந்து பெயர்கள், மூன்று மாநிலங்கள். யானைக்கு எல்லாம் ஒரே காடுதான். 1986-ல் அறிவிக்கப்பட்ட, இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான நீலகிரியைச் சுற்றியுள்ள பகுதி இது. இந்தக் காட்டை நெடுஞ்சாலைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அதனால்தான் கேட்.

பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் இரண்டு சாலைகளிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. முதுமலைப் பக்கமும் இதே நேரம்தான். மைசூரிலிருந்து நாகரஹொளே காட்டின் வழியாக மானந்தவாடிக்குப் போகும் சாலை இன்னும் கறார். மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். திம்பம் மலைப்பாதையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை நடைமுறையில் இருக்கிறது. அங்கே லாரிக்கு ஒரு விதி, காருக்கு ஒரு விதி, உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு என்று பல அடுக்குகள் உண்டு. நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் பகலிலேயே ஏறி, பகலிலேயே இறங்கிவிடுவது நல்லது.

இந்தத் தடையை எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயநாட்டுக்காரர்களுக்கு பெங்களூரு, மைசூரு போக இதுதான் பிரதான வழி. இரவில் மூடினால் வியாபாரம், காய்கறி லோடு எல்லாமே சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2019-ல் சுல்தான் பத்தேரியில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்தது. டூரிஸ்ட்டாகப் போகும் நமக்கு ஒரு லாட்ஜ் வாடகைதான் நஷ்டம். அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

எனவே என் பிளான் இப்படித் தலைகீழாக உருவானது. எந்தக் கேட்டையும் மாலை 5 மணிக்குள் தாண்டிவிட வேண்டும். அதற்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அதற்கு எங்கே தங்க வேண்டும்? ஊர்கள் கடைசியில் தானாக வந்து உட்கார்ந்தன. வெள்ளி கிளம்பி திங்கள் திரும்புவது என்று முடிவானதற்குக்கூட ஒரே காரணம்தான். மைசூரு அரண்மனை ஞாயிறு மாலையில் ஜொலிக்கும். அம்மா அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார், இந்தமுறை அவசரமில்லாமல்.

முதல் நாள்: 27 வளைவுகள்

சென்னையிலிருந்து வருபவர்கள் முதல் நாளை சேலம், பவானி வழியாக சத்தியமங்கலம் வருவதற்கே ஒதுக்கிவிடுங்கள். 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு அதே நாளில் மலை ஏறாதீர்கள். எங்களுக்கு கோபியே சொந்த ஊர் என்பதால் காலை 7 மணிக்குக் கிளம்பி, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினோம். ஸ்டியரிங் என் கையில். பக்கத்து சீட்டில் அப்பா.

பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். “ஏத்தத்துல வர்றவனுக்குத்தான் வழி கண்ணு. இறங்குறப்போ நீ நில்லு. எந்த கியர்ல ஏறுறியோ அதே கியர்ல இறங்கோணும். பிரேக்க மட்டும் நம்பிட்டு இறங்காத” - இதுதான் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல். வளைவில் லாரி திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். பின்னால் பொறுமையாக நின்றுவிடுங்கள். ஹார்ன் அடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

திம்பம் தாண்டினால் வேறு உலகம். ரோடு சமமாகிறது, காற்று சில்லிடுகிறது. ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் மறிக்கும் வீடியோக்களை நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். தாளவாடி, சாம்ராஜ்நகர் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் சர்க்கரை ஆலைக்குப் போகும் லோடு அது. சில டிரைவர்கள் பாசத்தில் கரும்பை வீசப்போய், யானைகள் ரோட்டோரத்தில் காத்திருக்கப் பழகிவிட்டன. வனத்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும் அந்த வீடியோவில், யானைக்குப் பக்கத்தில் போகும் அடுத்த வண்டி நம்முடையதாகவும் இருக்கலாம்.

இந்த சத்தியமங்கலத்தில்தான் ஒரு காலத்தில் வீரப்பன் பயத்தில் ஆள் நடமாட்டமே குறைந்திருந்தது. 2013-ல் புலிகள் காப்பகமானது. 2010-லிருந்து புலிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கியதற்காக, 2022-ல் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவோடு சேர்ந்து டிஎக்ஸ்2 என்ற சர்வதேச விருதைப் பெற்றது. எங்கள் மாவட்டத்துக்காரியாக இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன்!

சாம்ராஜ்நகர் வழியாக மதியம் குண்டலுப்பேட்டை. ஜூன், ஜூலையில் வந்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி பூத்திருக்கும். ஜனவரியில் வெறும் வயல்தான். அன்று அங்கேயே தங்கினோம். அதே லாட்ஜ், இந்தமுறை இரண்டு ரூம்.

இரண்டாம் நாள்: இறங்கக் கூடாத ரோடு

காலை 7 மணிக்கு அதே மேலுகாமனஹள்ளி கேட். கம்பம் மேலே தூக்கியிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கிக் காவலருக்கு வணக்கம் வைத்தார். அன்றைக்கு இருந்தவர் இவர் இல்லை. ஆனாலும் வைத்தார்.

1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்வான முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. அதற்கு முன் மைசூரு மகாராஜாக்களின் வேட்டைக் காடு. இந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து குரங்குக்கு நீட்டவே கூடாது. அபராதம் உண்டு. நடைமுறையில் இதன் அர்த்தம் என்னவென்றால், கேட்டுக்கு முன்பே பாத்ரூம் போய்விட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைச் சிரிக்காமல் படியுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு அரை மணி நேரம் என்பது நீண்ட நேரம். டீசலையும் குண்டலுப்பேட்டையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள்.

பந்திப்பூர் சஃபாரிதான் என் தம்பியின் கனவு. ஆனால் 2025 நவம்பரில், காட்டை ஒட்டிய கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேவிலும் சஃபாரியை நிறுத்த கர்நாடக அரசு உத்தரவிட்டது. எங்கள் பிளானிலிருந்து அது அடிபட்டது. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சஃபாரி என்பது டிக்கெட் எடுத்த படம் அல்ல. காட்டுத்தீ, மழை, இப்படி ஏதாவது ஒரு காரணத்தால் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் வனத்துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். முழு டிரிப்பையும் சஃபாரியை நம்பிப் போடாதீர்கள்.

கக்கநல்லா செக்போஸ்ட்டில் தமிழ்நாடு வந்துவிடுகிறது. இது நீலகிரி மாவட்டம். இங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அம்மா வீட்டிலிருந்த எவர்சில்வர் பாட்டில் ஆறையும் நிரப்பி எடுத்து வந்திருந்தார். நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். சீசனில் போகிறவர்கள் ரூம் போடுவதற்கு முன் பாஸ் எடுத்துவிடுங்கள்.

தெப்பக்காடு யானைகள் முகாம் மாயார் ஆற்றங்கரையில் இருக்கிறது. ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு இங்கே கூட்டம் கூடிவிட்டது. வருகிற எல்லோரும் ரகுவைத்தான் கேட்கிறார்கள். அந்தப் படத்தில் வரும் பெள்ளி, 2023-ல் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். காவடி என்றால் யானைப்பாகனின் உதவியாளர்.

யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் போங்கள். ராகி, கொள்ளு, அரிசியை வேகவைத்து, பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொரு யானைக்கும் தனித்தனிக் கணக்கில் கொடுக்கிறார்கள். எந்த யானைக்கு என்ன, எவ்வளவு என்பது எழுதியே வைத்திருக்கிறது. “ஏனுங்க, உங்களுக்கும் இப்படி ஒண்ணு எழுதி ஒட்டினா என்ன?” என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வேனில் சஃபாரி போனோம். புள்ளிமான் கூட்டம், மயில், தூரத்தில் நான்கு காட்டெருமைகள். புலி இல்லை. வேனில் வந்த ஒரு குடும்பம் காசைத் திருப்பிக் கேட்கும் மனநிலையில் இருந்தது. எனக்கு உறுத்தியது வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்த உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி, இன்று புல்லை வளரவிடாமல் காட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புல் இல்லாத இடத்தில் மான் எதைத் தின்னும்? அன்று இரவு மசினகுடி. போன தடவை பணம் கட்டிவிட்டுப் போக முடியாத அதே ரூம்.

அங்கிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி 30 கிலோமீட்டர்தான். வேண்டுமென்றே போகவில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான பாதை அது, நிறைய விபத்துகளைப் பார்த்தது. மலை ஓட்டிப் பழகாதவர்களுக்கு என் பதில், வேண்டாம். அப்பாவே ‘வேண்டாங்கண்ணு’ என்றார்.

மூன்றாம் நாள்: மலைக்கோயிலும் ஒரு லட்சம் விளக்குகளும்

பந்திப்பூர் வழியாகவே திரும்பி, ஹங்களா என்ற ஊரில் இடப்பக்கம் பிரிந்தால் ஹிமவத் கோபாலசாமி பெட்டா. 1,454 மீட்டர் உயரம். நம் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட வேண்டும். மேலே கர்நாடக அரசு பஸ் மட்டும்தான். பஸ்ஸில் ஏறியதும் அப்பா டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் இருவரும் நண்பர்கள். காலையிலேயே போய்விடுங்கள், பனி விலகாத நேரத்தில் கோயில் பாதி தெரியும், பாதி தெரியாது.

மாலை மைசூரு. 1897-ல் அரண்மனைக் கல்யாணம் ஒன்றின்போது பழைய மர அரண்மனை தீயில் எரிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது 1912-ல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் எழும்பூர் மியூசியத்தின் சிவப்புக் கலைக்கூடத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. சென்னைக்காரர்களுக்கு அந்தக் குவிமாடங்கள் எங்கேயோ பார்த்த மாதிரி இருப்பது அதனால்தான். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும்போது கூட்டத்திலிருந்து ஒரு ‘ஓ’ எழும். அன்று நாங்கள் விளக்கு அணையும் வரை உட்கார்ந்திருந்தோம். போக வேண்டிய லாட்ஜ் இரண்டு தெரு தள்ளி.

நான்காம் நாள்: திரும்பும் வழி

மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சோமநாதபுரம். ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தளபதி சோமன் கட்டிய கேசவர் கோயில். பேலூர், ஹளேபீடுவோடு சேர்த்து 2023-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. மாக்கல் என்கிற மென்மையான கல்லில் செதுக்கியது. நகையில் உள்ள முத்தைக்கூட எண்ணலாம். சிலைகளின் அடியில் சிற்பிகள் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். மல்லிதம்மா என்ற பெயர் பல இடங்களில் வரும். தம்பி அந்தப் பெயரைத் தேடித் தேடி எண்ண ஆரம்பித்ததில் சஃபாரி சோகம் மறந்தே போனான்.

12 மணிக்கு நான் வாட்ச்சைக் காட்டினேன். டி.நரசிபுரா, சாம்ராஜ்நகர், வழியில் சாப்பாடு. மூன்றரை மணிக்கு ஆசனூர் தாண்டினோம். அப்பா எதுவும் பேசாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவுக்கு முன்னால், “கொஞ்சம் மெதுவா போ கண்ணு” என்றார். 30-க்குக் குறைத்தேன். இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர்.

“இங்கயாப்பா?”

“தெரியல. ரோடே மாறிப்போச்சு.”

அதற்கு அடுத்த வளைவில் ஏழெட்டு மான்கள் ரோட்டைக் கடந்தன. கடைசியாக வந்த குட்டி நடுரோட்டில் நின்று எங்களைப் பார்த்தது. நான் காரை நிறுத்திவிட்டேன். எங்களுக்குப் பின்னால் வந்த வேன்காரர் ஹார்ன் அடித்தார். அப்பா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, பொறு என்று சைகை காட்டினார். குட்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை உள்ளே எடுக்கவில்லை.

27 வளைவும் இறங்கி, பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மணி 4.50. டீக்கடையில் நிறுத்தினோம். சர்க்கரை இல்லாத டீயை வாங்கிக்கொண்டு, என் நோட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார் அப்பா.

“அந்த நாகரஹொளே கேட்டு எத்தனை மணிக்குக் கண்ணு மூடுறாங்க?”

“ஆறு மணிக்குப்பா.”

“அப்ப அதுக்கு நாம மத்தியானமே உள்ள போயிறோணும்” என்றபடி என்னிடம் பேனாவைக் கேட்டார்.